இந்திய மாணவர்கள் அதிகம் உள்ள இடைநிலைப்பள்ளி என்றாலே ரிசல்ட் மோசமாகத்தான் இருக்குமா?

கேள்வியை அனுப்பியவர் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தாய். மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறான். முதலாம் படிவத்துக்கு வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தேசிய இடைநிலைப்பள்ளியில்தான் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. "அங்க நம்ம பிள்ளைங்க நிறைய, எஸ்பிஎம் ரிசல்ட் ரொம்ப மோசம், கூட்டாளி சேர்ந்து கெட்டுப் போயிடுவான்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லிச் சொல்லி அவருக்குத் தூக்கம் போய்விட்டது. எஸ்பிஎம் என்பது ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு. கொஞ்சம் தள்ளி, நல்ல பெயர் எடுத்த இன்னொரு பள்ளி இருக்கிறது. அங்கே இந்திய மாணவர்கள் குறைவு, ரிசல்ட்டும் நன்றாக இருக்கிறது. வாடகை வீடு மாறியாவது அங்கே சேர்த்துவிட வேண்டுமா என்று கேட்கிறார். முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு மலாயைப் பலப்படுத்தும் புகுமுக வகுப்பில் மகனைப் போடலாமா என்பது அவருடைய இன்னொரு கேள்வி.

சகோதரி, நான் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைப் பக்கம் இடைநிலைப்பள்ளிகளில் கணிதம் கற்பித்தவன். தேர்வு முடிவுகளைத் தொகுத்துக் கணக்குப் போடும் வேலையும் பல ஆண்டுகள் என் கையில் இருந்தது. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வீடு மாற வேண்டாம். இரண்டு பள்ளிகளிலும் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள். பள்ளி வாசலில் தொங்கும் வாழ்த்துப் பதாகையையும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லையும் வைத்து முடிவெடுத்தால், உங்கள் மகனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு எண்ணை நம்பி வீடு மாறியதாகிவிடும்.

அந்த எண்ணைப் பற்றி முதலில் சொல்கிறேன். பள்ளியின் தரம் என்று எல்லோரும் பேசுவது ஜிபிஎஸ், அதாவது அந்தப் பள்ளியின் சராசரி கிரேடு. ஏ பிளஸ் எடுத்தால் 0, ஏ எடுத்தால் 1, ஏ மைனஸ் 2 என்று போய், தோல்வியான ஜி கிரேடுக்கு 9. எல்லா மாணவர்களின் எல்லாப் பாடங்களையும் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். எண் குறையக் குறைய நல்லது. நாடு முழுமைக்குமான சராசரி 2022 எஸ்பிஎம் தேர்வில் 4.74, 2023-இல் 4.60, 2024-இல் 4.49. எண் இறங்குகிறதே என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது முன்னேற்றம்தான்.

இந்தச் சராசரி உண்மையான எண்தான். ஆனால் அது சொல்லும் செய்தியில் பெரும்பகுதி, பள்ளிக்குள் எப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் நுழைந்தார்கள் என்பதுதான். பள்ளி அவர்களுக்கு என்ன செய்தது என்பது அதில் சிறு பகுதி. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். இரண்டு பள்ளிகள், ஒவ்வொன்றிலும் எஸ்பிஎம் எழுதுவோர் 200 பேர். முதல் பள்ளியில் 160 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், 40 பேர் குறைந்த விலை ஃபிளாட் வீட்டுப் பிள்ளைகள். வசதியானவர்களில் 90 விழுக்காட்டினர், அதாவது 144 பேர் எல்லாப் பாடங்களிலும் தேறுகிறார்கள். ஃபிளாட் பிள்ளைகளில் பாதிப் பேர், 20 பேர் தேறுகிறார்கள். மொத்தம் 164 பேர்; தேர்ச்சி 82 விழுக்காடு. இரண்டாவது பள்ளியில் நிலைமை தலைகீழ். வசதியானவர்கள் 40 பேர். அவர்களில் 95 விழுக்காட்டினர், 38 பேர் தேறுகிறார்கள். ஃபிளாட் பிள்ளைகள் 160 பேர். அவர்களில் 60 விழுக்காட்டினர், 96 பேர் தேறுகிறார்கள். மொத்தம் 134 பேர். தேர்ச்சி 67 விழுக்காடு.

பேர் வாங்குவது 82 விழுக்காடு எடுத்த பள்ளிதான். ஆனால் வசதியான பிள்ளையும் சரி, ஏழைப் பிள்ளையும் சரி, தேறும் வாய்ப்பு அதிகமாக இருப்பது 67 விழுக்காடு எடுத்த பள்ளியில். கணக்கில் எந்தத் தந்திரமும் இல்லை. வேண்டுமானால் நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். தேர்வுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இதே மாதிரி நிலைமையை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்காக மாலை ஆறரை வரை உட்கார்ந்து வேலை செய்யும் ஆசிரியர்கள் நிறைந்த பள்ளிகள், பட்டியலில் கடைசியில் கிடந்தன. அவர்களுடைய உழைப்பு எந்தப் பதாகையிலும் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. தேர்வுக்கு வந்தவர்களை வைத்துத்தான் சராசரி போடுகிறார்கள். முதலாம் படிவத்தில் சேர்ந்து, மூன்றாம் படிவத்திலோ நான்காம் படிவத்திலோ காணாமல் போன பையன் அந்தக் கணக்கில் இல்லை. பலவீனமான பத்துப் பேர் பள்ளியை விட்டு நின்றுவிட்டால் அந்தப் பள்ளியின் சராசரி உயரும். அந்தப் பத்துப் பேரையும் பிடித்து வைத்துத் தேர்வு எழுத வைத்த பள்ளியின் சராசரி சரியும். எந்தப் பள்ளியில் உங்கள் மகனைச் சேர்க்க விரும்புவீர்கள்?

இனி, இந்திய மாணவர்கள் ஏன் சில பள்ளிகளில் மட்டும் இவ்வளவு அதிகம் என்ற விஷயம். பினாங்கு மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் செபராங் பிறையிலுள்ள சில இடைநிலைப்பள்ளிகளுக்குள் போய்ப் பார்த்தால் அதைவிடப் பல மடங்கு இருப்போம். காரணம், மற்றவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. சீனப் பள்ளியில் ஆறு ஆண்டு முடித்தவர்களில் நிறையப் பேர் சுங் லிங், ஜிட் சின் போன்ற பள்ளிகளுக்கோ, சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளுக்கோ போகிறார்கள். நன்றாகப் படிக்கும் மலாய்ப் பிள்ளைகளை முழுநேரத் தங்கும் விடுதிப் பள்ளிகளும் மாரா கல்லூரிகளும் சமயப் பள்ளிகளும் எடுத்துக்கொள்கின்றன. நம்மில் வசதி உள்ளவர்கள் தனியார் பள்ளி, அனைத்துலகப் பள்ளி என்று போகிறார்கள். இல்லையென்றால் தீவில் இருக்கும் பழைய பள்ளிகளில் இடம் தேடுகிறார்கள். 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலும், 1852-இல் தொடங்கிய செயின்ட் சேவியர் பள்ளியும் இன்றைக்கும் பெற்றோர்களை இழுக்கின்றன.

தமிழ்ப்பள்ளிக்கு அடுத்த கட்டமாகத் தமிழ் இடைநிலைப்பள்ளி என்று ஒன்று இந்த நாட்டிலேயே கிடையாது. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அந்தந்த வட்டாரத்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குத்தான் வருகிறார்கள். தோட்டம் மூடி, துண்டாடி, வீடமைப்புத் திட்டமான பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்கள் எந்தத் தாமானில், எந்த ஃபிளாட்டில் குடியேறினவோ, அந்த வட்டாரத்துப் பள்ளியில் நம் பிள்ளைகள் குவிந்திருக்கிறார்கள். ஆக, "இந்தியர் அதிகம்" என்ற சொல்லுக்குள் "வருமானம் குறைந்த குடும்பங்கள் அதிகம்" என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. ரிசல்ட்டைக் கீழே இழுப்பது இனம் இல்லை. இந்த வறுமையும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு மூன்று விஷயங்களும்தான். 2013 முதல் 2025 வரைக்கான மலேசியக் கல்விப் பெருந்திட்டத்திலேயே அமைச்சு இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் தேர்ச்சியை நிர்ணயிக்கும் காரணங்களில் குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலைதான் இன்னமும் மிகப் பெரியது என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியது இருக்கிறது.

முதலில் வறுமை. இதன் வேலை முதலாம் படிவத்தில் ஆரம்பிப்பதில்லை. கோலாலம்பூரின் குறைந்த விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். இரட்டைக் கோபுரம் தெரியும் ஜன்னலுக்கு உள்ளே இந்த நிலை. அது எல்லா இனத்துப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு. பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இருக்கும் ஃபிளாட்டுகள் வேறு உலகம் இல்லை. தொடக்கப்பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவுத் திட்டத்தில் காலைச் சாப்பாடு கிடைக்கிறது. இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் அது நின்றுபோகிறது. உடம்பு வேகமாக வளரும் பதின்மூன்று வயதில் நிற்கிறது! வகுப்பில் கடைசி இரண்டு பாடவேளைகளில் தலை கவிழ்ந்து படுத்திருக்கும் பையனைச் சோம்பேறி என்று சொல்லும் முன், அவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்க வேண்டும். கேட்டபோதெல்லாம் எனக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைத்தது.

வறுமையோடு சேர்ந்தது ஷிப்டு வேலை. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது முதல் பினாங்கின் பொருளாதாரமே தொழிற்சாலையைச் சுற்றித்தான் ஓடுகிறது. அப்பா இரவு ஷிப்டு, அம்மா காலை ஷிப்டு என்றால் வீட்டில் பிள்ளையைப் பார்க்கும் கண் இல்லை. இதற்கு மேல், நகர்ப்புறத்தில் இடநெருக்கடி உள்ள இடைநிலைப்பள்ளிகள் இரண்டு வேளையாக நடக்கின்றன. முதலாம், இரண்டாம் படிவங்கள் பெரும்பாலும் மதிய வேளை. யாரும் இல்லாத வீட்டில் ஒரு பையன் காலை முழுக்கத் தனியாக இருந்துவிட்டு, மதியம் ஒரு மணிக்குப் பள்ளிக்குப் போக வேண்டும். பொந்தெங் அடிக்கும், அதாவது பள்ளிக்கு மட்டம் போடும் பழக்கம் பெரும்பாலும் இந்த இரண்டு ஆண்டுகளில்தான் ஆரம்பிக்கிறது. உங்கள் மகனைப் பொறுத்தவரை எந்தப் பள்ளி என்பதைவிட, காலை ஏழு மணி முதல் பன்னிரண்டு வரை அவன் எங்கே, யாரோடு இருக்கப் போகிறான் என்பது பெரிய கேள்வி. பாட்டி இருக்கிறாரா, அத்தை இருக்கிறாரா, நம்பிக்கையான டியூசன் இருக்கிறதா என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

அடுத்தது மொழி. இதை நம் ஆட்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்குகிறார்கள். தமிழ்ப்பள்ளியைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம். தமிழ்ப்பள்ளியில் படித்தது குறையே இல்லை; தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு அடிப்படை உறுதியாக இருக்கும். கல்விப் பெருந்திட்டத்தின் கணக்குப்படி, 2000-இல் இந்தியப் பிள்ளைகளில் 47 விழுக்காட்டினர் தமிழ்ப்பள்ளியில் இருந்தார்கள். 2011-இல் அது 56 விழுக்காடு ஆனது. ஆகவே இடைநிலைப்பள்ளியில் "இந்திய மாணவர்" என்று ஒரே கட்டத்தில் எழுதப்படுகிறவர்கள் உண்மையில் இரண்டு வகை. தேசியப் பள்ளியிலிருந்து வந்தவனுக்கு மலாய் ஓடும், தமிழ் தடுமாறும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவனுக்குத் தமிழ் ஓடும், மலாயில் பேசுவான், ஆனால் நீளமான பத்தி ஒன்றைப் படித்துப் பொருள் பிடிக்கத் திணறுவான். இரண்டு பேரையும் ஒரே எண்ணில் அடைத்துவிட்டு "இந்தியர் தேர்ச்சி" என்று பேசுவதில் பயனில்லை.

இந்த மலாய் வாசிப்புதான் ஐந்து ஆண்டுகளையும் தீர்மானிக்கிறது. எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியில் தேற வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் கட்டாயம் தேற வேண்டும். வரலாறு முழுக்க மலாய். நன்னெறிக் கல்வி முழுக்க மலாய், அதுவும் பத்தி பத்தியாக எழுத வேண்டும். அறிவியலும் பெரும்பாலான பள்ளிகளில் மலாய். கணிதத்தில்கூடக் கேள்வி மூன்று வரிக்கு நீண்டால் பையன் நின்றுவிடுகிறான். கணக்குத் தெரியும், கேள்வி புரியவில்லை. என் வகுப்பில் கேள்வியைத் தமிழில் வாய்விட்டுச் சொன்ன மறுநொடி விடையைச் சொன்ன பையன்கள் எத்தனையோ பேர். தேர்வு அறையில் யார் சொல்லுவார்கள்? இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கலும் இல்லை. பீசா அனைத்துலக ஆய்வில் மலேசியாவின் பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்புப் புள்ளி 2018-இல் 415 ஆக இருந்து, 2022-இல் 388 ஆக விழுந்தது. நாடே வாசிப்பில் சறுக்கியிருக்கிறது. அந்தச் சறுக்கலில், மலாயை இரண்டாம் மொழியாகப் படித்துவிட்டு வந்தவனுக்கு அடி இன்னும் பலமாக விழுகிறது.

புகுமுக வகுப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் எடுக்கப்பட்ட பிறகு, பள்ளி மதிப்பீட்டில் மலாய் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் புகுமுகமா, நேரே முதலாம் படிவமா என்று முடிவு செய்கிறார்கள். ஓராண்டு வீண் என்று நினைத்துச் சண்டை போட்டுப் பிள்ளையை நேரே முதலாம் படிவத்தில் போடும் பெற்றோர்கள் உண்டு. அந்த ஓராண்டு, நல்ல ஆசிரியர் கையில் பட்டால் பொன். மலாய் கற்பிக்கத் தெரிந்தவர், தினமும் வாசிக்க வைப்பவர் கிடைத்தால் பையன் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து நிமிர்ந்துவிடுவான். ஆனால் சில பள்ளிகளில் புகுமுக வகுப்பு, யாருக்கும் வேண்டாத வகுப்பாகக் கிடக்கும். ஆசிரியர் வராத பாடவேளைகள் அதிகம், பதிலாசிரியர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். அப்படியென்றால் அந்த ஆண்டு உண்மையிலேயே போனதுதான். ஆகவே "புகுமுகம் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். "புகுமுகத்துக்கு மலாய் யார் எடுக்கிறார், எத்தனை பிள்ளைகள், போன ஆண்டு எப்படிப் போனது" என்று கேளுங்கள்.

மூன்றாவது, பையன்கள் பள்ளியை விட்டு நிற்பது. எல்லா இனத்திலும் பெண் பிள்ளைகள் முன்னே போகிறார்கள், பையன்கள் பின்தங்குகிறார்கள். அந்த இடைவெளி கூடிக்கொண்டு வருவதாகப் பெருந்திட்டமே சொல்கிறது. நம் சமூகத்தில் இது கண்ணுக்கு நேரே தெரியும். ஐந்தாம் படிவத்தின் முதல் வகுப்பில் இந்தியப் பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், கடைசி வகுப்பில் இந்தியப் பையன்கள். அந்தப் பையன்களின் அண்ணன்மார் சிலர் பதினாறு வயதிலேயே கார் கழுவும் இடத்திலோ, லாரி அட்டென்டனாகவோ, மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோகும் வேலையிலோ சேர்ந்திருப்பார்கள். கையில் காசு பார்த்த அண்ணனைப் பார்க்கிற தம்பிக்கு வரலாற்றுப் புத்தகம் கசக்கத்தான் செய்யும்.

மூன்றாம் படிவத்தில் எழுதிவந்த பிடி3 தேர்வை 2022-இல் எடுத்ததில் இன்னொரு விளைவும் இருக்கிறது. தேர்வு குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், பிள்ளைகளின் பாரம் இறங்கியது. ஆனால் முன்பு பதினைந்து வயதில், அரசாங்கத் தேர்வு என்ற பெயரில் ஒரு எச்சரிக்கை மணி அடிக்கும், பெற்றோருக்கும் உறைக்கும். இப்போது ஆண்டிறுதியில் பள்ளி அளவிலான மதிப்பீடு இருக்கிறது, ஆனால் அதன் அறிக்கையைப் பல வீடுகளில் பிரித்துப் பார்ப்பதுகூட இல்லை. பையன் எவ்வளவு பின்தங்கியிருக்கிறான் என்பது நான்காம் படிவத்தில், கூடுதல் கணிதமா வேறு பாடமா என்று முடிவு செய்யும்போதுதான் தெரிகிறது. அப்போது தாமதம். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நல்ல சட்டம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்குப் பாடம் புரிகிறதா என்பதைச் சட்டம் பார்க்காது. ஆசிரியரும் பெற்றோரும்தான் பார்க்க வேண்டும்.

சரி, அக்கம்பக்கத்தார் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. கூட்டாளிகளின் பாதிப்பு உண்மை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன் அம்மா பேச்சைவிடக் கூட்டாளி பேச்சைத்தான் கேட்பான். ஆனால் அவன் பழகப் போவது பள்ளியிலுள்ள ஆயிரம் பேரோடு இல்லை; தன் வகுப்பிலுள்ள முப்பது பேரோடு, அதிலும் பக்கத்தில் உட்காரும் நான்கு பேரோடு. முதலாம் படிவத்தில் மதிப்பெண் பார்த்து வகுப்பு பிரிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இன்னமும் இருக்கிறது. பெயர் பெற்ற பள்ளியில் சேர்ந்து கடைசி வகுப்பில் உட்காரும் தமிழ்ப்பள்ளிப் பையனின் நிலையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளியின் நல்ல ஆசிரியர்கள் முதல் வகுப்புகளுக்குப் போய்விடுவார்கள், பதாகையில் வரும் பேர்களும் அங்கிருந்துதான். கடைசி வகுப்பில் இருக்கும் ஆறேழு இந்தியப் பையன்களும் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு தனிக் கூட்டமாகிவிடுவார்கள். தப்பிக்க நினைத்த கூட்டாளிப் பிரச்சினை அங்கேயும் காத்திருக்கிறது. அதே பையன் பக்கத்துப் பள்ளியில் இரண்டாவது, மூன்றாவது வகுப்பில் உட்கார்ந்து, தன்னால் முடியும் என்று நம்பிப் படிப்பான். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: நடுத்தரமாகப் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியின் பெயரைவிட வகுப்பில் அவனுக்குக் கிடைக்கும் இடம் முக்கியம்.

இந்திய மாணவர்கள் அதிகம் உள்ள பள்ளியில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. தேசியப் பள்ளிகளில் தமிழ் வகுப்பு நடத்தக் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் அதிகமாக இருக்கும் பள்ளியில் தமிழாசிரியர் இருப்பார், கால அட்டவணைக்குள்ளேயே தமிழ் வரும், தமிழ்மொழிக் கழகம் நடக்கும். கொஞ்சம் பேர் மட்டும் இருக்கும் பள்ளியில் தமிழ் பெரும்பாலும் பள்ளி நேரத்துக்குப் பிறகோ சனிக்கிழமையோ போய்விடும். பிள்ளை இரண்டு மாதத்தில் விட்டுவிடும். எஸ்பிஎம் தேர்வில் பத்துப் பாடம்தான் எடுக்கலாம் என்று முன்பு அறிவித்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபடும் என்று நம் சமூகம் குரல் கொடுத்துத்தான் பன்னிரண்டு வரை எடுக்கலாம் என்று மாற வைத்தது. அப்படிக் கிடைத்த வாய்ப்பு, வகுப்பே நடக்காத பள்ளியில் யாருக்குப் பயன்படும்? தமிழாசிரியர் என்பவர் நம் பையன்களுக்குத் தமிழ் சொல்லித் தருபவர் மட்டும் இல்லை. அப்பா வேலையிழந்தது, அம்மா மருத்துவமனையில் இருப்பது, பஸ் காசு இல்லாதது, எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

அறிவியல் பாடங்களின் நிலைமை வேறு. இங்கே பெயர் பெற்ற பள்ளிக்கு உண்மையிலேயே ஒரு மேன்மை இருக்கலாம். 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்று பிரிப்பதில்லை. பாடத் தொகுப்புகளாகத் தருகிறார்கள். எந்தத் தொகுப்பைத் தருவது என்பது ஆசிரியர் எண்ணிக்கையையும், எடுக்க வரும் மாணவர் எண்ணிக்கையையும் பொறுத்தது. பௌதிகம், வேதியியல், கூடுதல் கணிதம் எடுக்க ஆள் குறைந்துகொண்டே போகும் பள்ளியில் ஒருநாள் அந்தத் தொகுப்பே இல்லாமல் போகலாம். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் வகுப்புக்குச் சென்று மருத்துவமோ பொறியியலோ படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அது கதவை அடைப்பது போல. உங்கள் மகன் கணிதத்திலும் அறிவியலிலும் கெட்டிக்காரன் என்று அவன் ஆசிரியர் சொன்னால், பக்கத்துப் பள்ளியில் இந்தத் தொகுப்பு நிலையாக நடக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். நடக்கவில்லை என்றால் பள்ளி மாறுவதற்கு அதுவே போதுமான காரணம்.

அப்புறம், எப்படி விசாரிப்பது? இனவாரியாக ஒவ்வொரு பள்ளியின் தேர்ச்சியைப் போட்டு யாரும் பொதுவில் கொடுப்பதில்லை. அது வேண்டியதும் இல்லை. இரண்டு பள்ளிகளுக்கும் நேரில் போங்கள். துணை முதல்வரையோ ஆலோசக ஆசிரியரையோ பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் முதலாம் படிவத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதினார்கள் என்று கேளுங்கள். விடுதிப் பள்ளிக்கும் வேறு ஊருக்கும் மாறியவர்களைக் கழித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மலாயிலும் வரலாற்றிலும் எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்பது அடுத்த கேள்வி. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கென்று முதல் மூன்று மாதம் ஏதாவது செய்கிறார்களா என்றும் கேளுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராத பையனின் வீட்டுக்கு யார் போன் போடுகிறார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு "அந்த வகுப்பாசிரியர் போடுவார், நானும் போடுவேன்" என்று உடனே பதில் வந்தால், அந்தப் பள்ளியை நம்பலாம். "அதெல்லாம் பெற்றோர் பொறுப்பு" என்று முகம் திரும்பினால், சராசரி 3 ஆக இருந்தாலும் எனக்கு அந்தப் பள்ளி வேண்டாம்.

அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேரிடமும் பேசுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்துக்குப் போனவர்களாக இருந்தால் நல்லது. பாடவாரியான தேர்ச்சி பெரும்பாலும் அங்கே பேசப்படும். தமிழாசிரியரின் பெயரைக் கேட்டு அவரோடு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் தகவல் வேறு எங்கேயும் கிடைக்காது.

விசாரித்த பிறகும் பக்கத்துப் பள்ளி சரியில்லை என்று தோன்றினால் தயங்க வேண்டாம். கல்வி இலாகாவில் மாற்று இடத்துக்கு விண்ணப்பியுங்கள். காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள், இடம் இருந்தால் பரிசீலிப்பார்கள். வீடு மாறுவது கடைசி வழியாக இருக்கட்டும். கூடுதல் வாடகைக்குப் போகும் பணத்தில், நல்ல மலாய் ஆசிரியரிடம் வாரம் இரண்டு நாள் டியூசன் வைக்கலாம். காலையில் வயிறு நிறையச் சாப்பாடு போட்டு அனுப்பலாம். தூரத்துப் பள்ளிக்குப் போய் வரும் நேரத்தில் பையன் ஒரு மணி நேரம் தூங்கலாம்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும், ஆறாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு வேலையை ஆரம்பித்துவிடுங்கள். தாமானில் யாராவது முதலாம் படிவம் படித்த பிள்ளை இருக்கும். அதனிடம் வரலாற்றுப் பாடநூலை இரவல் வாங்குங்கள். தினமும் இரவு இருபது நிமிடம், ஒரு பக்கத்தை வாய்விட்டு மலாயில் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் என்ன புரிந்தது என்று தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். அந்த நூலில் இந்திய நாகரிகத்தைப் பற்றிய பாடம் இருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். தமிழ்ப்பள்ளியிலும் வீட்டிலும் கேட்ட பெயர்கள் வருவதால் ஒட்டிக்கொள்வான். தெரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். மூன்று மாதம் கழித்து, ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல் தெரியாமல் நிற்கிறது என்று அவனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஏழெட்டுக்குக் கீழே வந்துவிட்டால் நேரே முதலாம் படிவத்துக்கு அனுப்பலாம் என்பது என் கணிப்பு. இருபதுக்கு மேல் நின்றால், புகுமுக வகுப்பை யார் எடுக்கிறார் என்று போய் விசாரியுங்கள்.